கயிறு பிடிக்கிறவன் மூச்சு

கடலுக்குப் போகிற நாளென்றால் மதாருக்கு விடியும்போதே வயிறு கலக்கும். ஜும்மாவுக்காகக் கடலுக்குப் போகாத வெள்ளிக்கிழமையில் அதே வயிறு சமர்த்தாக இருக்கும். மற்ற நாளில் பல் விளக்குவதற்குள் கொல்லைப்பக்கம் போய்ப் போய் வந்து கால் துவண்டுவிடும். கஞ்சி முன்னால் உட்கார்ந்தால் நாக்கு வறண்டு, ஒரு வாய்கூட உள்ளே இறங்காது.

கீழக்கரையில் சங்கு குளிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலடிக்குப் போகிறவனின் கயிற்றைப் படகில் இருந்து பிடித்து மேலே இழுப்பவன் அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பிகூடச் சொத்துக்கு ஆசைப்பட்டுக் கையைத் தளர்த்திவிடலாம். தங்கை விதவையாவதை எவன் பொறுத்துக்கொள்வான்? ஆட்களை நன்றாகப் புரிந்து வைத்துக்கொண்டு எவரோ செய்த ஏற்பாடு. அப்படிக் கயிறு பிடிக்கிறவன் என்ன கதிக்கு ஆளாவான் என்று மட்டும் அந்தப் புண்ணியவான் யோசிக்கவில்லை.

தங்கை சாலிஹாவைச் சுஐபுக்குக் கட்டிக்கொடுத்த மறுவாரமே கயிறு மதார் கைக்கு வந்தது. அன்றைக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அவளுக்குப் பிள்ளைகள் பிறக்கப் பிறக்கக் கயிறு கனத்துக்கொண்டே போனது.

சுஐபு தண்ணீருக்குள் தலையை விட்டதும் மதாருக்கு மூச்சு நின்றுவிடும். வேண்டுமென்று அடக்குவதில்லை, தானாகவே நிற்கும். நெஞ்சு காதுக்குள் வந்து திடும் திடும் என்று அடிக்கும். கழுத்து விறைத்து, விரல் நுனி மரத்து, இரண்டு கைகளும் நடுங்கும். கீழே இருப்பவன் ஆற அமரச் சங்கு பொறுக்குவான். மேலே காற்றோட்டமாக உட்கார்ந்திருப்பவன் செத்துச் செத்துப் பிழைப்பான். சுஐபுக்கு ஒரு தடவையாவது ஏதாவது ஆகியிருந்தால் இதற்கு ஒரு நியாயம் இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

நயா பைசா வந்த புதிதில், ராமநாதபுரம் போய் டாக்டரிடம் காட்டினான். அவர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சு கல்லு மாதிரி இருக்கிறது, நன்றாகச் சாப்பிடு என்றார். பள்ளிவாசல் லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்துத் தாயத்தும் கட்டிவிட்டார். தாயத்துக் கட்டிய கையும் நடுங்கியது. சுஐபிடம் மட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை. கயிறு பிடிக்கப் பயப்படுகிற மச்சான் என்று ஊர் சிரிக்கும். அதைவிட, வேறு மச்சான் கிடையாது; சாலிஹாவுக்கு இவன் ஒரே அண்ணன். இவன் கையை விரித்தால் சுஐபு குளிப்பை விடவேண்டும், பிள்ளைகள் பட்டினி. விரிக்காவிட்டால் என்றைக்காவது இந்தக் கையாலேயே தங்கையை விதவையாக்கிவிடுவோம் என்று பயம். இரண்டுக்கும் நடுவில் கிடந்து அவன் அலுத்துப்போயிருந்தான்.

அன்றைக்குக் கடல் குளத்துத் தண்ணீராகக் கிடந்தது. சுஐபு இறங்கினான். மதாருக்கு வழக்கம்போல மூச்சு நின்றது, திரும்பி வரவில்லை. கண் இருட்டியது. கயிறு கையில் சுற்றியபடியே பலகைமேல் சரிந்தான்.

கண் விழித்தபோது சுஐபு உடம்பெல்லாம் தண்ணீர் சொட்ட அவன் முகத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் கிடந்த பையில் ஒரு சங்குகூட இல்லை. இவன் விழுந்ததைப் படகில் யாரும் கவனிப்பதற்கு முன்பே அவன் தானாக மேலே வந்துவிட்டானாம்.

கரை வந்து சேர்ந்ததும் மதார் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். வயிறு, மூச்சு, டாக்டர், தாயத்து எதையும் மிச்சம் வைக்கவில்லை.

“வேற ஆளப் பாத்துக்க மச்சான். என்னால ஏலாது. இந்தக் கையி ஒருநா ஒன்னையக் கொன்னுபுடும்.”

சுஐபு தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான். அவன் முகத்தில் கோபம் இல்லை.

“கையி நடுங்குறது எனக்குத் தெரியாதாக்கும். கயித்துல அடி வரைக்கும் அந்த நடுக்கம் வரும் மச்சான். மேல ஒருத்தன் எனக்கும் சேத்துப் பயந்துக்கிட்டு இருக்கான், நம்ம சோலியப் பாப்போம்னு இருப்பேன். இன்னைக்கி அது சட்டுன்னு நின்னுபோச்சு. குளிக்க வந்த நாள்ல இருந்து இன்னைக்கித்தான் நான் பயந்தேன்.”

மதாருக்கு அழுகை வந்தது. நெகிழ்ந்துபோய் வந்த அழுகை இல்லை, அலுப்பில் வந்தது. சுஐபு இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் கயிற்றை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கலாம். இப்படிச் சொல்கிறவனிடம் எதைப் போட்டுவிட்டுப் போவது?

வீட்டுக்குப் போகிற வழியில் சாலிஹா வாசலில் நின்றிருந்தாள். இடுப்பில் கடைக்குட்டி. விஷயம் எதுவும் அவள் காதுக்கு இன்னும் எட்டவில்லை.

“நாளைக்கிக் கடலுக்குப் போறியளா காக்கா?” என்று அண்ணனைக் கேட்டாள்.

“போறோம்” என்றான் மதார்.