செம்பு என்று எழுதிய பேணி

எங்கள் மீன்கொட்டிலில் எதையும் தொட அன்ரனிதாசுக்கு அனுமதி இல்லை. அந்தச் சட்டத்தைப் போட்டவள் அவருடைய மனைவியான நான். ஊர்காவற்றுறையில் பதினெட்டு வருடம் கடலட்டைக்குச் சுழியோடிய மனுசன், வலது காதுச் சவ்வு கிழிந்து கரையேறிவிட்டார். எதைச் சொல்வதென்றாலும் இடப்பக்கம் போய்த்தான் சொல்லவேண்டும். இனிக் கடலில் இறங்கினால் மற்றக் காதும் போய்விடும் என்று டொக்டர் சொன்ன அன்றே, இனி உழைப்பு என் பாடு, நீங்கள் கதிரையில் இருங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன விதம் அவ்வளவு அன்பானதல்ல.

மூன்று மாதம் அழகுமீன் வளர்ப்பு வகுப்புக்குப் போய்ப் படித்தவளல்லவா நான்! கடல் அழகுமீன்களுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி விழும். அதற்குச் செம்புதான் மருந்து. செம்புச் சத்துள்ள நீல மயில்துத்தத்தைக் கரைத்து அளவாக விட்டு, காலையும் மாலையும் தண்ணீரைச் சோதிக்கவேண்டும். குறைந்தால் நோய் போகாது, கூடினால் மீன் போய்விடும். இறாலுக்கோ கடுகளவும் ஆகாது. அதனால் நோய்த் தொட்டியைத் தனியாக ஒரு மூலையில் வைத்தேன். மருந்தை உறிஞ்சிவிடும் என்பதால் முருகைக்கல் ஒன்றுகூட அதில் போடவில்லை. அதற்கென்று தனி வலை, தனி வாளி, மருந்து கரைக்க ஒரு பெரிய பிளாஸ்ரிக் பேணி. அந்தப் பேணி வேறு தொட்டிப் பக்கம் போய்விடக்கூடாது என்று அதில் கொட்டை எழுத்தில் ‘செம்பு’ என்று எழுதினேன். அவ்வளவு கெட்டிக்காரி.

எதிர் மூலையில் சிவப்பு வரி இறால்கள் நாற்பது இருந்தன. எட்டு மாதம் வளர்த்து, பாதிக்கு மேல் வயிற்றில் முட்டையோடு நின்றன. புதன்கிழமை கொழும்புக் கம்பனிக்காரர் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் குஞ்சு பொரிக்க வைக்கும் வேலை எங்களுக்கு, அன்ரனிதாஸ் பிறகு கடலை எட்டியும் பார்க்கத் தேவையில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால், இறால்கள் சரிந்து கிடந்து காலை இழுத்துக்கொண்டிருந்தன. தொட்டி விளிம்பில் அந்தப் பேணி.

“தொட்டியைத் தொட்டனீங்களோ?”

“வெயிலுக்குத் தண்ணி வத்திக் கிடந்துது. நீர் களைச்சு வருவீர் எண்டு மழைத்தண்ணி அள்ளி ஆறேழு தரம் வார்த்தனான்.”

பேணியின் அடியில் நான் கழுவாமல் விட்டுக் காய்ந்திருந்த நீலத்தைக் காணவில்லை.

“செம்பு எண்டு எவ்வளவு பெரிசா எழுதி வைச்சனான்! காதுதான் போச்சுது, கண்ணும் போச்சுதோ?” என்று கத்தினேன். பக்கத்து வீட்டுப் பிலோமினம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

“வாசிச்சனான், ஜெனீற்றா” என்றார் அவர். “செம்பு எண்டு கிடந்துது. செம்பாலதானே தண்ணி வார்க்கிறது? இப்ப பிளாஸ்ரிக்கிலயும் செம்பு வருகுதாக்கும் எண்டு நினைச்சன்.”

நஞ்சு என்று எழுதியிருக்கலாம். வகுப்பில் செம்பு, செம்பு என்று மூன்று மாதம் படித்ததில், வீட்டில் தண்ணீர் அள்ளுவதும் செம்பால்தான் என்பதை மறந்துபோனேன். பிழை முழுக்க என்னுடையது. அதை ஒத்துக்கொள்ளாமல் குசினிக்குள் போய்ச் சட்டி பானையை உருட்டினேன்.

தண்ணீரை மாற்றியும் பலனில்லை. திங்கள் மத்தியானத்துக்குள் நாற்பதும் முடிந்தன. புதன்கிழமை வந்தவர்கள் வெறும் தொட்டியைப் பார்த்து, தேத்தண்ணியும் வேண்டாம் என்று போய்விட்டார்கள். மூன்று நாளும் அன்ரனிதாஸ் என்னிடம் மன்னிப்புக் கேட்டபடியே இருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழன் விடிய அவர் காதுக்குள் அடைக்கப் பஞ்சும் பழைய சுழியோடிக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு பஸ்ரியாம்பிள்ளையின் கடலட்டை வள்ளத்துக்குப் புறப்பட்டார். படலைவரை கூடப் போனேன்.

“போகாதேங்கோ. பிழை என்ரை” என்றேன்.

அவர் திரும்பாமல் நடந்தார். நான் நின்றது அவருடைய வலப்பக்கம். அது தெரிந்துதான் சொன்னேன்.