கபீர் அனுப்பிய பெட்டி

என் தம்பி அகமது கபீர் கொழும்பிலிருந்து அனுப்பிய பெட்டியை அறுபத்தொரு நாள் திறக்க விடாமல் வைத்திருந்தது நான்தான். அதற்குக் காரணம் அவன் பெண்டாட்டி மஜீதா இல்லை. அவள் மேல் பழி போடுகிறவர்கள் என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும். தொண்டியில் எனக்கு வாயாடி ரம்ஜான் பீவி என்று பெயர். பெயர் என்னவோ சரிதான். ஆனால் இந்த விஷயத்தில் என் வாய் செய்த வேலையை நினைத்தால், நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று தோன்றும்.

எங்கள் தெருவில் பெட்டி இல்லாத வீடு கிடையாது. கல்யாணத்துக்குக் கொடுத்த தேக்குப் பெட்டி, பித்தளைப் பூண் போட்ட நகைப் பெட்டி, மாவுக்கும் கருப்பட்டிக்கும் ஓலைப் பெட்டி, ஊசி நூல் போட்டு வைக்கக் கொழும்புப் பிஸ்கோத்து டப்பா. எல்லாவற்றுக்கும் மேலே, அக்கரையிலிருந்து வந்த தகரப் பெட்டிகள். ஆண்கள் அங்கே கடையில் கிடக்கிறார்கள், நாங்கள் இங்கே பெட்டிகளோடு குடும்பம் நடத்துகிறோம். என்னைக் கேட்டால், மாப்பிள்ளை முகத்தைவிடப் பெட்டி முகம்தான் எங்களுக்கு அதிகப் பழக்கம்.

ஊருக்கு வரப் போகிற ஆள், முன்னால் கிளம்புகிற யாரிடமாவது பெட்டியைக் கொடுத்துவிட்டு, பத்து இருபது நாள் கழித்து வெறுங்கையோடு வந்து சேருவான். மற்ற வீடுகளில் பெட்டி வந்த நிமிஷமே திறந்து, சீலையைப் பிரித்துப் பார்த்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அது ஆகாது. அனுப்பியவன் வந்து வாசலில் கால் வைத்து, அவன் கையால்தான் திறக்க வேண்டும். அதுவரை வீட்டு ஆள் யாரும் மூடியைத் தூக்கக் கூடாது.

காரணமில்லாமல் இல்லை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது வாப்பாவின் பெட்டி முன்னால் வந்தது. பெருநாளுக்கு நாலு நாள் இருந்தது. பிள்ளைக்குப் புதுத்துணி அதில்தானே இருக்கும் என்று உம்மா திறந்துவிட்டாள். நான் பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினேன். பெருநாளன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்த நேரத்தில், வாப்பா ஏறி வந்த தோணி நெடுந்தீவுக்குப் பக்கத்தில் கவிழ்ந்துபோன செய்தி வந்தது. கபீர் அப்போது கைக்குழந்தை. ஆறு வருஷம் கழித்து உம்மாவும் போனாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டே விஷயம்தான் சொன்னாள். தம்பியைப் பார்த்துக்கொள். ஆள் வராமல் பெட்டியைத் தொடாதே.

இது தெரிந்து பள்ளிவாசல் ஆலிம்சா ஒருமுறை என்னைக் கட்டின மாப்பிள்ளை முஹைதீனிடம் சொல்லி அனுப்பினார், பெட்டியைத் திறந்தால் மவுத்து வரும் என்று நம்புவது பெரிய பாவம் என்று. சரி என்று தலையாட்டினேன். மனசு கேட்டால்தானே.

ஐம்பத்தாறாம் வருஷம், நோன்புப் பெருநாள் கழிந்து ஐந்தாம் நாள் கபீரின் பெட்டி வந்தது. கொண்டுவந்தவன் வாவு முகம்மது. கொழும்பில் கபீர் வேலை பார்த்த கடைக்கு அடுத்த கடையில் இருந்தவன். தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலும் பஸ்ஸும் மாறி அலுத்துக் களைத்து வந்திருந்தான். ஊதா நிறத் தகரப் பெட்டி, ஒரு சின்னப் பூட்டு, குறுக்கும் நெடுக்கும் கயிறு. நூலில் கோர்த்த சாவியை எடுத்து மஜீதாவிடம் நீட்டினான்.

"போனதும் தொறக்கச் சொன்னாக. ரெண்டு தடவ சொன்னாக."

மஜீதா கை நீட்டுவதற்குள் நான் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"ஆளு எப்ப வாரான்?" என்று கேட்டேன்.

"நாள் சொல்லல லாத்தா. கொஞ்சம் இருமலாக் கெடந்தாக. வருவாகன்னுதான் நெனைக்கிறேன்."

"கொழும்பு மழையில யாருக்குத்தான் இருமல் இல்ல. நீ காப்பியக் குடி."

மஜீதா கடலாடிப் பெண். தாய் தகப்பன் இல்லாமல் மாமன் வீட்டில் வளர்ந்தவள் என்பதால், கல்யாணம் ஆனதிலிருந்து எங்களோடுதான் இருந்தாள். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். அதிர்ந்து பேசமாட்டாள். அன்றைக்கு வாவு தெருமுனை தாண்டியதும் மெல்ல ஆரம்பித்தாள்.

"மதினி, அவுகளே தொறக்கச் சொல்லியிருக்காகளே."

"சொல்லுவான். பொண்டாட்டிக்குச் சீலை வாங்கியிருப்பான். அத அவ ஒடனே கட்டிக்கிறணும்னு ஆசை. என்னைய மாதிரி பட்டிருந்தா தெரியும்."

"தனுஷ்கோடியில சுங்கத்துக்காரன் தொறந்து பாத்துட்டுத்தான விட்டிருப்பான்? மூடிமேல சாக்குக்கட்டியால கிறுக்கியிருக்கு பாருங்க."

"அவன் என்ன நம்ம வீட்டு ஆளா? ஊர்ல உள்ளவன் எவன் தொறந்தாலும் ஒண்ணுமில்ல. நம்ம கை படக்கூடாது."

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

பெட்டியை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். தினமும் துடைத்தாள். பத்து நாள் போனது, இருபது நாள் போனது, கபீர் வரவில்லை. எப்போது வருகிறீர்கள் என்று கேட்டு அவள் இரண்டு கடிதம் எழுதினாள். ஒரு கார்டுகூடப் பதில் இல்லை. கிளம்பிக்கொண்டிருப்பான், வருகிறவன் எதற்குக் கடிதம் போடுவான் என்று நானே காரணம் சொன்னேன். தபால்காரர் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கும் நெஞ்சு பதைக்கும். பதைக்கப் பதைக்க முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். சாவி இருக்கும். தம்பி பத்திரமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

நாற்பது நாள் ஆனபிறகு ஒருநாள், நான் மீன் அரிந்துகொண்டிருந்தபோது மஜீதா வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"மதினி, சாவியத் தாங்க. எனக்கு மனசே சரியில்ல."

"என்ன திடீர்னு?"

"ஒடனே தொறக்கச் சொன்னாகள்ல. சும்மா சொல்லமாட்டாக."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

"ஓம் புருசன் உசுரோட வீடு வந்து சேரணுமா வேணாமா? அதச் சொல்லு மொதல்ல."

அவள் எழுந்து உள்ளே போனாள். அதன்பிறகு ஒருநாளும் சாவி கேட்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று நாள் முன்னால் தந்தி வந்தது. முஹைதீன் வாசித்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தார். கபீர் ஆஸ்பத்திரியில் மவுத்தாகிவிட்டான், அங்கேயே அடக்கம் செய்தாகிவிட்டது என்று கடை முதலாளி அடித்திருந்தார். நான் வளர்த்த பிள்ளை. சோறு ஊட்டி, ஓதவைத்து, கப்பலேற்றி அனுப்பிய பிள்ளை. மண்ணள்ளிப் போடக்கூட எங்களில் ஒருவர் அங்கே இல்லை.

மஜீதா வெள்ளைச் சீலை கட்டி, புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் இருக்க வேண்டிய இத்தாவுக்கு உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் குர்ஆன் ஓதி முடித்து, வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு, நானே சாவியைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். இனிமேல் யாருக்காகக் காத்திருக்க. அவள் கயிற்றை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்தாள். மேலாக ஒரு மஞ்சள் சீலை. அதன் மடிப்புக்குள் ஒரு காகிதம்.

எனக்கு எழுத்து தெரியாது. அவள்தான் வாசித்தாள். ஒரு வரியையும் விடவில்லை.

'மஜீதாவுக்கு. எனக்கு நெஞ்சில் சீக்கு. ஒரு மாதமாக ரத்தம் வருகிறது. தெரிந்தால் கடையில் தங்க விடமாட்டார்கள். தபாலுக்குக் கொடுத்தால் கடைப் பையன்கள் பிரித்துப் படிப்பார்கள், அதனால் இதில் வைக்கிறேன். வாவுக்கும் தெரியாது. பதில் எழுதாதே, முஹைதீன் மச்சானுக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது, அவரை உடனே அனுப்பு. தனியாகக் கப்பலேற எனக்குத் தெம்பில்லை. ஒரு மாதத்துக்குள் ஊசி போட ஆரம்பித்தால் பிழைக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். ஊருக்கு வந்து, நீ பக்கத்திலிருந்து பார்த்தால் எனக்குச் சரியாகிவிடும். லாத்தா பெட்டியைத் திறக்க விடாது, எனக்குத் தெரியும். அதனால்தான் சாவியை உன் கையில் கொடுக்கச் சொன்னேன். இந்த ஒரு தடவை லாத்தா பேச்சைக் கேட்காதே. ஆனால் கோபமாக எதுவும் சொல்லிவிடாதே, என்னை வளர்த்தது அது. நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.'

வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். மச்சான் வருவார், இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று. மஜீதா எழுதிய கடிதங்கள் கடையிலேயே கிடந்திருக்கும், ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இங்கே அவன் குரல் ஒரு தகர மூடிக்குக் கீழே கிடந்தது, நான் அதற்குக் காவல் இருந்தேன்.

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். மஜீதா என் இரண்டு கையையும் பிடித்து நிறுத்தினாள்.

"என்னைய வையி புள்ள" என்றேன். "சாவிய நாந்தான முடிஞ்சு வச்சிருந்தேன். நல்லா வாய் நெறைய வையி. ஓம் புருசன நாந்தான் கொன்னேன்."

அவள் கடிதத்தை மடித்தாள்.

"அந்தப் பூட்டுக்குச் சாவியே வேணாம் மதினி" என்றாள். "லொடலொடன்னு ஆடிக்கிட்டுத்தான் கெடந்துச்சு. ரெண்டு தட்டு தட்டுனா வந்துரும். நீங்க மார்க்கெட்டுக்குப் போனப்பல்லாம் அதுமேல கைய வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்திருக்கேன்."

"அப்ப ஏன் புள்ள தட்டல?"

"நீங்க சொன்னது நெசமா இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயம்."

அவள் என்னை வைதிருந்தால் வாங்கிக்கொண்டு அழுதிருப்பேன். அவள் வையவில்லை. புருஷனுக்கு என்ன ஆகுமோ என்ற பயமில்லாமல் என் வீட்டுக்குள் வந்த பெண் அவள். என் உம்மாவின் பயத்தை நான்தான் அவளுக்கும் ஊட்டினேன், கபீருக்குச் சோறு ஊட்டிய இதே கையால். அந்தப் பயத்தால்தான் அவன் செத்தான்.