சுக்கான் பாறையில் நீலம்

தமீம் இருபத்திரண்டு வருஷம் அபுதாபி பூங்காக்களில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு செடி வாடினாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். குழாய், உரம், மறுபடி குழாய் என்றே காலம் ஓடிவிட்டது. ஊர் திரும்பியதும் காயல்பட்டினத்துக்கு வெளியே, சாகுபுரம் போகும் வழியில் தோட்டம் போட இடம் வாங்கினார். மண்வெட்டியைப் போட்ட முதல் நாளே அது 'ணங்' என்றது. ஒரு விரற்கடை மண்ணுக்குக் கீழே அவ்வளவும் சுக்கான் பாறை, வெள்ளைச் சுண்ணாம்புக் கல்.

ஒரு லோடு செம்மண் வரவழைத்துப் பாதி இடத்தில் பரப்பினார். ஐப்பசி முழுக்க மழை. கார்த்திகையில் ஒரு காலை போய்ப் பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். செம்மண் பாதியில் கோரையும் பார்த்தீனியமும் முழங்கால் உயரம். கொட்டாத பாதியில், வெள்ளைக் கல் தெரிகிற இடமெல்லாம், விஷ்ணுகிராந்தி பூத்துக் கிடந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சின்னப் பூ. கால் வைக்க இடமில்லாமல் நீலம்.

குந்தி உட்கார்ந்து வண்டிச் சாவியை மண்ணில் குத்தினார். பாதிச் சாவிகூட இறங்கவில்லை.

"யார் தண்ணி விட்டா உனக்கு?" என்று பூவிடமே கேட்டார்.

மனைவி ரஹ்மத்துன்னிஸாவுக்குப் போன் போட்டார். அவள் சமையல் முடித்து மத்தியானம் வந்தபோது ஒரு பூகூட இல்லை, எல்லாம் மூடிக்கொண்டிருந்தன.

"வெயில்ல இதைக் காட்டவா கூப்பிட்டீங்க?" என்று போய்விட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார். ரஹ்மத்துன்னிஸா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க அங்க வளர்த்ததெல்லாம் இப்படி இருக்குமா?"

"அது நாங்க வச்சது. ரெண்டு நாள் தண்ணி விடலேன்னா செத்துப்போகும். இது கல்லுல இருந்து தானா எந்திரிச்சு வந்திருக்கு. எனக்கு இந்த வேலை தெரியாதுளா."

அப்போது இரண்டாவது லோடு வந்துவிட்டது. முன்பே சொல்லிவைத்ததை அவர் மறந்தே போனார். லாரிக்காரர் ராஜதுரை தலையை நீட்டினார்.

"எங்கன தட்டணும் பாய்?"

தமீம் வாயைத் திறக்குமுன் ரஹ்மத்துன்னிஸா லாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இங்கன வேண்டாம் தம்பி. எங்க வீட்டுக் கொல்லையில தட்டுங்க, முருங்கை வைக்கணும்."

ராஜதுரை பூவையும் அவளையும் பார்த்துவிட்டு, எந்தப் பூ மேலும் டயர் ஏறாமல் லாரியை மெதுவாகப் பின்னால் எடுத்தார்.

தமீம் மண்வெட்டியோடு செம்மண் பாதிக்குப் போனார். பரப்பிய மண்ணைக் கல் தெரியும்வரை வழித்தெடுக்க அவருக்கு மார்கழி முடியும்வரை ஆயிற்று.