எண்பத்தெட்டு விழுக்காடு

“அக்காவோட பழைய நோட்டைக் கொடுங்க சார்.”

எங்கள் ஆய்வகத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அதை மட்டும் கேட்கக்கூடாது என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். எனக்கு முன்னால் இங்கே ஆய்வு முடித்துவிட்டுப் போனவரைத்தான் எல்லோரும் அக்கா என்போம். சோளத்தட்டையிலிருந்து பிரித்த சர்க்கரையை எண்பத்தெட்டு விழுக்காடு பிளாஸ்டிக் மூலப்பொருளாக மாற்றிக் காட்டியவர். பேராசிரியரின் பதவி, நிதி, இந்த அறையின் ஏசிகூட அந்த எண்ணில்தான் ஓடுகிறது.

எனக்கும் அதே வினையூக்கித் தூள், அதே எஃகுக் கலன், அதே நூற்றெண்பது டிகிரி. நான்கு வருடமாக நாற்பத்தொன்றைத் தாண்டவில்லை. “உன் கை சரியில்ல” என்பார் பேராசிரியர். நம்பினேன். அப்பா லாரிக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆளில்லை. “சர்க்கரையைக் கருக்கறதுக்கா இத்தனை வருஷம்? என்கிட்ட விட்டா அஞ்சு நிமிஷம்” என்று அம்மா கிண்டலடிப்பாள்.

பேராசிரியர் இழுப்பறையைத் திறந்து நோட்டை எறிந்தார். “பாத்துட்டு வேலையைப் பாரு.”

நோட்டில் இருந்தபடி, நூறு பங்கு சர்க்கரையில் வினைபட்டதே நாற்பத்தேழுதான். மீதி அப்படியே கிடந்திருக்கிறது. அந்த நாற்பத்தேழில்தான் எண்பத்தெட்டு விழுக்காடு நமக்கு வேண்டிய பொருள். போட்டது மொத்தத்துக்கும் கணக்குப் பார்த்தால் நாற்பத்தொன்று. வினைபட்டதில் எவ்வளவு என்பதால், அட்டவணைத் தலைப்பில் அக்கா ‘தேர்திறன்’ என்று சரியாகத்தான் எழுதியிருந்தார். அச்சான கட்டுரையில் அது, போட்டது மொத்தத்துக்கும் கிடைத்தது போல, ‘விளைச்சல்’ ஆகிவிட்டது.

“தலைப்பு மாறிடுச்சு சார்.”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“நீ சேர்றதுக்கு முன்னாடியே.” கண்ணாடியைத் துடைத்தார். “கருவியில கோளாறு, அதான் கம்மியா வந்துச்சுன்னு ஆய்வேட்டுல ஒரு வரி எழுதும்மா. நாளைக்கே கையெழுத்துப் போடறேன். உங்க வீட்டுக்கு முதல் டாக்டர் பட்டம் இது.”

“வீட்டை ஏன் சார் இழுக்கறீங்க?”

“உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

ஒரு சொல் மாறியதற்கு நான்கு வருடமாக என் கையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கலனின் அடியில் ஒட்டிய கரியை நான் சுரண்டச் சுரண்ட, இவர் எல்லாம் தெரிந்தே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“நாப்பத்தொண்ணுன்னுதான் எழுதுவேன்.”

“அப்ப கையெழுத்து கிடையாது. வேற எந்த ஆய்வகத்துலயும் உன்னைச் சேத்துக்க மாட்டாங்க.”

“தெரியும் சார்.”

உண்மையிலேயே தெரியும். நான் நாற்பத்தொன்று என்று எழுதினாலும் கட்டுரையில் எண்பத்தெட்டு எண்பத்தெட்டாகவே இருக்கும். அடுத்து வருகிறவளும் தன் கையைத்தான் நொந்துகொள்வாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஆய்வகக் கோட்டைக் கழற்றி அவருடைய நாற்காலி மேல் போட்டுவிட்டு வெளியே நடந்தேன்.