மங்கையர்க்கரசியின் டோக்கன்

கப்பலின் கதவோரத்தில் ஒரு பலகை. அதில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கொரு வட்ட வில்லை; எண் எழுதிய அந்த வில்லைதான் டோக்கன். வில்லையின் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. கரைக்கு இறங்குகிறவர் தன் எண்ணைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டுப் போக வேண்டும். திரும்பி ஏறியதும் வெள்ளைக்குத் திருப்ப வேண்டும். பலகை முழுக்க வெள்ளையானால்தான் கப்பல் நகரும். அவரவர் டோக்கனை அவரவரே திருப்ப வேண்டும், அடுத்தவர் தொடவே கூடாது என்று முதல் நாளே எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். வடதுருவத்துக்குப் பக்கத்தில், ஆள் அரவமில்லாத ஸ்வால்பார்டு தீவுகளில், பனிக்கரடி உலவும் கரையில் ஒருவரை மறந்துவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று படம் போட்டும் காட்டினார்கள். காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரி திருஞானசம்பந்தம் அப்போது கடைக்குப் போன் போட்டு, இன்றைக்கு எந்தக் கல்யாண வீட்டார் வந்தார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

பாடம் கேட்டது அவர் மனைவி மங்கையர்க்கரசிதான். இங்கிலீஷ் புரியாவிட்டாலும் கரடிப் படம் அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

சம்பந்தத்துக்குப் பனியின் மேல் ஆசை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எதிர்க்கடை ராமராஜன் சுவிட்சர்லாந்து போய்வந்து, பனியில் நிற்கும் படத்தைப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டியிருந்தான். தினம் கடை திறக்கும்போது அதைப் பார்த்துப் பார்த்து இவருக்கு வயிறு எரிந்தது. அறுபதாம் கல்யாணத்தைச் சாக்காக வைத்து, உலகப் படத்தில் இதற்கு மேலே போக இடமே இல்லை என்கிற அளவுக்கு மேலே போய்விட வேண்டும் என்று தீர்மானித்தார். பட்டு வியாபாரிகள் நாலைந்து பேரைச் சாட்சிக்குச் சேர்த்துக்கொண்டார். ராமராஜனின் தம்பியும் அதில் ஒருவன். மனைவியிடம் கேட்டாரா என்றால், அந்த வழக்கமே அந்த வீட்டில் இல்லை.

கடைக்கு 'மங்கையர்க்கரசி சில்க்ஸ்' என்று பெயர். காகிதத்தில் முதலாளியும் அவள்தான். ஆனால் அவள் கையெழுத்தை அவர்தான் போடுவார். ஒருமுறை வங்கியில் அவளே போட்டதற்கு, கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படிப்பட்டவர் டோக்கனை மட்டும் விட்டுவைப்பாரா? முதல் நாளிலிருந்து அவளுடையதையும் சேர்த்து அவரே திருப்பினார். போகும்போது இரண்டு சிவப்பு, வரும்போது இரண்டு வெள்ளை. அவள் பின்னால் நின்றுகொண்டிருப்பாள்.

இவர்கள் அறையைப் பார்த்துக்கொண்ட பணியாள் அந்தோணி, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து முசரவாக்கத்துக்காரன். முப்பத்தைந்து வயது, மனைவி, ஒரு பெண் குழந்தை. படகிலிருந்து ஏறுகிறவர்களின் பூட்ஸைக் கழுவிவிடுவதும் பலகையைக் கண்காணிப்பதும் அவன் வேலைதான். ரப்பர் படகு ஓட்டவும் பழகியிருந்தான். அடுத்த பருவத்திலிருந்து படகோட்டி வேலை என்று சொல்லியிருந்தார்கள். உலகத்தின் இந்தக் கோடியில் தமிழ்ச் சத்தம் கேட்டதும் அவனுக்குத் தாங்கவில்லை. "நம்ம ஊரா சார் நீங்க!" என்று முகமெல்லாம் பல்லாக வந்து நின்றான்.

"முசரவாக்கத்துல எந்தத் தெருப்பா?" என்றார் சம்பந்தம்.

அந்தோணியின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "சர்ச் தெரு சார்."

"ஓ" என்றார் சம்பந்தம். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவன் அவருக்கு 'டேய்' ஆனான். அவர் அவனுக்கு 'மொதலாளி' ஆனார். எந்தச் சட்டமும் போடாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், இருவரும் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். மங்கை மட்டும் யோக்கியமா? அவன் வெந்நீர் நீட்டினால், "மேஜ மேல வச்சிடுப்பா" என்பாள். மேஜையிலிருந்து எடுத்துக்கொள்வாள்.

அன்றைக்கு இறங்கியது ஒரு கருங்கல் கரை. எந்தக் காலத்திலோ வேட்டைக்காரன் கட்டிப் பாதி சரிந்துபோன மரக் குடிசை ஒன்று மேட்டில் இருந்தது. துப்பாக்கி ஏந்திய வழிகாட்டிகள் சுற்றிலும் நின்றார்கள். சம்பந்தம் நாலு படம் எடுத்துக்கொண்டார். காது விறைத்தது; போதும் என்று முதல் படகுக்கே நடந்தார். "பின்னாலயே வா" என்று திரும்பிப் பாராமல் சொன்னார்.

மங்கைக்கு அடக்க முடியாத அவசரம். கரையில் ஒதுங்கக் கூடாது என்பது கப்பல் விதி. சர்க்கரை வியாதிக்காரியின் அவசரத்துக்கு விதி தெரியுமா? அவள் மெல்ல நழுவிக் குடிசைக்குப் பின்னால் போனாள். ஐம்பத்தெட்டு வருஷத்தில் புடவையைத் தவிர எதையும் உடுத்தாதவளுக்குக் கம்பளிக் கால்சட்டை ஒன்று, அதன் மேல் ஒன்று, அதற்கும் மேல் ரப்பர் கால்சட்டை. கழற்றவே ஒரு யுகமானது. விறைத்த விரல்களால் மாட்டுவதற்கு இன்னொரு யுகம். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்ற வெட்கத்தில், பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடக் குரல் கொடுத்திருக்க மாட்டாள். யாரும் கூப்பிடவும் இல்லை.

கப்பல் கதவோரத்தில் சம்பந்தம் பூட்ஸை நீட்டினார். அந்தோணி குனிந்து கழுவினான். அவர் பலகைக்குப் போய் வழக்கம்போல இரண்டையும் வெள்ளைக்குத் திருப்பினார்.

"மொதலாளி, அம்மா இன்னும் ஏறல. அவங்களே வந்துதான் திருப்பணும்."

"பின்னால வந்துக்கினு இருக்கா. எம் பொண்டாட்டி டோக்கன நான் திருப்பக் கூடாதுன்னு நீ சொல்றியாடா?"

அமெரிக்காக்காரன் திருப்பியிருந்தால் அந்தோணி தடுத்திருப்பான். ஜெர்மன்காரி திருப்பியிருந்தால் மறுபடி சிவப்பாக்கிவிட்டு வயர்லெஸ்ஸில் சொல்லியிருப்பான். ஆனால் அவன் அப்பா சம்பந்தத்தின் கடைக்குச் சரக்கு வண்டி ஓட்டியவர். அவன் வாயை மூடிக்கொண்டு, அடுத்த படகில் அம்மா வந்துவிடுவாள் என்று நம்பி, அடுத்தவரின் பூட்ஸுக்குக் குனிந்தான். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரே மாதிரி சிவப்புச் சட்டையில், முகம் மூடிய கூட்டம். யார் யார் என்று எப்படித் தெரியும்? பலகை முழுக்க வெள்ளை. கரையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஏறியாயிற்று என்று தகவல் போனதும் வழிகாட்டிகள் ஒருமுறை கரையைப் பார்த்துவிட்டுக் கடைசிப் படகில் ஏறினார்கள்.

மங்கை வெளியே வந்தபோது கரை காலி.

முதலில் அவளுக்குப் பயமே வரவில்லை. அடுத்த படகு வரும் என்று நினைத்தாள். பிறகு கப்பலின் சங்கு கேட்டது. பனிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் மெல்ல விலகிப் போனது. "ஏங்க!" என்று கத்தினாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். அந்தச் சமயத்திலும் பெயர் வாயில் வரவில்லை. கருங்கல் கரையில் அவள் குரல் ஒரு பத்தடிகூடப் போகவில்லை.

குடிசைப் பலகையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். காமாட்சியைக் கூப்பிட்டாள். ஏகாம்பரநாதரைக் கூப்பிட்டாள். இந்நேரம் அறைக்குப் போயிருப்பார், தேடியிருப்பார் என்று மனசுக்குச் சொன்னாள். சாப்பாட்டுக்கு முன்னால் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டுமே, அப்போதாவது தெரியும். கால் மரத்தது. கை மரத்தது. பனிக்குள் எது அசைந்தாலும் கரடிதான் என்று தோன்றியது. கரடிகூட வரவில்லை. மாத்திரையை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார் என்று அவளுக்குப் புரிந்தபோது, குளிரைவிட அதுதான் வலித்தது. வாய்விட்டு அழுதாள்.

மோட்டார் சத்தத்தோடு ஒரு குரல் வந்தது. "அம்மா! காஞ்சிபுரத்தம்மா! எங்கமா இருக்கீங்க?"

பதில் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. கையில் கிடைத்த கல்லால் பலகையைத் தட்டினாள். துப்பாக்கிக்காரர்கள் இருவருக்கு முன்னால் அந்தோணி ஓடி வந்தான். பிளாஸ்க்கின் மூடியில் வெந்நீர் ஊற்றி அவள் உதட்டில் வைத்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டே அவள் குடித்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு அவன் தண்ணீரில் இறங்கியபோது கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நடந்ததெல்லாம் படகில் அவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். வெந்நீர் கொண்டுபோனபோது அறையில் அவள் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் சம்பந்தம் நண்பர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். "அம்மா எங்க மொதலாளி?" என்றதற்கு, "எங்கயாவது கப்பல்லதான் இருப்பா, போடா" என்றார். அவன் ஒவ்வொரு தளமாக ஓடித் தேடிவிட்டு, நேரே கேப்டனிடம் போய்க் கப்பலைத் திருப்பச் சொன்னான்.

மருத்துவ அறையில் அவள் போர்வைகளுக்குள் கிடந்தபோது சம்பந்தம் வந்தார். மருத்துவர் வெளியே போகும்வரை காத்திருந்தார்.

"உசுரு பொழச்சியே, அது போதும்" என்றார். கண் நனைந்துதான் இருந்தது; அதைப் பொய் என்று சொல்ல முடியாது. துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "கேப்டன் வரான். டோக்கன அந்தப் பையன்தான் தெரியாம திருப்பிட்டான்னு நான் சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு."

"தெனமும் நீங்கதானே திருப்புவீங்க?"

"பொண்டாட்டிய ஐஸ்ல விட்டுட்டு வந்து சீட்டாடிக்கினு இருந்தான்னு ராமராஜன் ஊர் பூரா சொல்லுவான். அவன் தம்பி வெளியிலயே நின்னுக்கினு இருக்கான். அப்புறம் நான் கடைய தொறக்க முடியுமா? யாரோ ஒரு சர்ச் தெருக்காரனுக்காகப் புருஷன காட்டிக் குடுப்பியா நீ?"

கதவு திறந்தது.

கேப்டன் நரைத்த தாடிக்காரர். பின்னால் அந்தோணி, ஈரச் சட்டையைக்கூட இன்னும் மாற்றாமல். கேப்டன் நியாயஸ்தர்தான், நியாயஸ்தர்கள் செய்யும் கொடுமைக்கு ஈடே கிடையாது. சம்பந்தமும் அந்தோணியும் ஒருவர்மேல் ஒருவர் பழி சொல்கிறார்கள். அந்தம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். ஆகவே அந்தோணி மொழிபெயர்க்கட்டும், கணவர் பக்கத்தில் இருந்து அவன் மாற்றிச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்.

கேப்டன் சொல்லச் சொல்ல, அந்தோணி தமிழாக்கினான்.

"இன்னா சொல்றாருன்னாமா, இது பெரிய தப்பு. பயணி திருப்பியிருந்தா, அடுத்த துறைமுகத்துல அவர எறக்கி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வேலக்காரன் சொல்லிப் பாத்தும் பயணி கேக்கலன்னா, அவனுக்கு எச்சரிக்க மட்டும்தான். வேலக்காரனே திருப்பியிருந்தா... அவனுக்கு வேல போயிடும். இந்தக் கடல்ல வேற எந்தக் கப்பல்லயும் ஏற முடியாது."

"கரெக்ட், கரெக்ட்" என்று இங்கிலீஷில் சான்று கொடுத்தார் சம்பந்தம்.

"இதுவரைக்கும் தெனமும் உங்க டோக்கன யாரும்மா திருப்பினாங்கன்னு கேக்குறாரு."

மங்கை அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் பயமே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. அம்மா உள்ளதைச் சொல்லிவிடுவாள் என்று அவன் அப்படியே நம்பிக்கொண்டிருந்தான். கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்தவள் ஆயிற்றே.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். சொன்னால் பிறகு எங்கே போவது? அதே வீடு, அதே மனிதர், அதே கட்டில். இனி இருக்கிற நாளெல்லாம், நீதானே என்னைக் காட்டிக் கொடுத்தவள் என்ற ஒரே பாட்டு. கருங்கல் கரையில் தனியாக உட்கார்ந்ததைவிட அந்த வீட்டில் தனியாக உட்காருவது அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. தன்னையே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"நானேதான் திருப்புவேன்" என்றாள். "அவரு என்னுத தொட்டதே இல்ல."

அந்தோணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். இங்கிலீஷில் அவன் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சம்பந்தம் கத்தியிருப்பார், ஆனாலும் சொல்லிப் பார்த்திருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. கேப்டன் பக்கம் திரும்பி, அவள் சொன்னதைச் சொன்னபடியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். சம்பந்தம் தலையாட்டினார்.

கேப்டன் இன்னொன்று கேட்டார்.

"இன்னிக்கு உங்க டோக்கன இவன் திருப்பியிருப்பான்னு நெனைக்கிறீங்களான்னு கேக்குறாரும்மா. இவன்னா, நான்."

"இருக்கும்" என்றாள் மங்கை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

அதையும் அவன் சொன்னான். கேப்டன் அவன் தோளில் கை வைத்து மெதுவாக நீளமாக ஏதோ பேசினார். அந்தோணி சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தான். பிறகு கேப்டன் கட்டிலருகே குனிந்து மங்கையிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

அவள் அந்தோணியைப் பார்த்தாள். அவன் வேலை இன்னும் முடியவில்லை.

"உள்ளத உள்ளபடி சொன்னதுக்கு, உங்களுக்கு ரொம்ப நன்றின்றாரும்மா" என்றான்.