சாவியோவின் கடைசி அரியர்

சாவியோவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு அரியர், மெக்கானிக்ஸ். கல்லூரியில் நானும் அவனும் ஒரே வகுப்பு. அவன் இப்போது திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான். நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று வீட்டில் சொன்னபோது அப்பா மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சர்ச்சா, விகாரையானு அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல அந்தப் புள்ளய டிகிரி முட்ச்சிட்டு வரச் சொல்லு," என்றார். பீம்ராவ் என்று, படிப்பை முதலில் வைத்த தலைவரின் பெயரை வைத்துக்கொண்டு அப்பா வேறென்ன சொல்வார்.

அதனால் ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் சாவியோ ராயபுரத்தில் அவன் வீட்டிலிருந்து எம்.கே.பி. நகரில் எங்கள் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டான். எந்தக் கணக்கானாலும் எக்ஸ், ஒய் என்று உடைத்துக்கொண்டு உட்காருவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சுத்துற சாமானுக்கு எதுக்குடா எக்ஸு, ஒய்யி? நடுவுலேந்து எவ்ளோ தூரம், இன்னா கோணம், அத்த மட்டும் புடி!"

தூரமும் கோணமும் வைத்துப் போடும் துருவ ஆயங்களை ஒருவழியாகப் படித்தான்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தவனிடம் வினாத்தாளைப் பிடுங்கினேன். பத்து மீட்டர் நீளக் கை நொடிக்குப் பன்னிரண்டு டிகிரி சீராகச் சுற்றுகிறது. முனையிலுள்ள சுமையின் முடுக்கம் என்ன? துருவ ஆயங்களில் செய்க. அல்வா மாதிரி கணக்கு.

"இன்னா வந்துச்சு?"

"ஆயிரத்து நானூத்தி நாப்பது. பூமி இழுக்கறதே பத்துதான், இது இன்னா ராக்கெட்டானு கோடு போட்டு அட்ச்சிட்டேன்."

டிகிரியை ரேடியனாக மாற்றாமல் அப்படியே வர்க்கப்படுத்தியிருக்கிறான். தலையில் அடித்துக்கொண்டேன். அடித்த விடைக்கு மார்க்கும் கிடையாது.

"அப்பறம் கால்குலேட்டர்ல சைன், காஸ் போட்டு, ஒரு செகண்டுக்கு முன்னாடி, இப்போ, பின்னாடி சுமை எங்க கீதுன்னு எக்ஸு, ஒய்யில கண்டுபுட்ச்சு ரெண்டு வாட்டி கழிச்சேன். பாயின்ட் நாலு நாலு."

சரியான விடை. ஆனால் கேட்ட வழியில் செய்யவில்லை. திருத்துகிறவர் மனம் வைத்தால்தான் உண்டு. ரிசல்ட் வந்தது.

பாஸ். விளிம்பில் பாஸ். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

"சரி, மேல இன்னா படிக்கப் போறானாம்?" என்றார்.

"அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்பறம் படிப்பான்பா!"

அப்பாவிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல்முறை. அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, ராயபுரத்துக்கு எந்த பஸ் என்று கேட்டார்.