அத்லானுக்கு வெள்ளரளி

பெரியசாமி கோயிலில் அப்பா இரண்டு பொட்டலம் கட்டினார். வெள்ளரளி அத்லானுக்கு, செவ்வரளி பென்டியத்துக்கு. கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, எங்கள் ஊரில் சாமியிடம் பூக்கேட்காமல் எதுவும் நடக்காது; பூசாரி கைக்கு வரும் பொட்டலத்தில் எந்தப் பூவோ அதுதான் சாமி வாக்கு. ஆனால் கம்ப்யூட்டர் பிராசஸருக்குப் பூக்கேட்ட முதல் ஆள் என் அப்பா சின்னராசுவாகத்தான் இருப்பார். சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செம்மேட்டு பஸ் ஸ்டாண்டில் நான்கு கம்ப்யூட்டர் போட்டு கேம் சென்டர் வைப்பது அப்பாவின் ஆசை. நாமக்கல்லில் டிப்ளமோ முடித்த மகள் நான் அதில் உட்கார வேண்டும். எனக்கோ கோயமுத்தூர் கம்பெனி ஒன்றில் வேலை காத்திருந்தது.

"தை வரைக்கும் பாப்போம் கண்ணு. கடை ஓடலீன்னா நீ கோயமுத்தூரு போ. ஓடுச்சுன்னா அப்புறம் எதுக்குப் போகோணும்?"

சொல்லிவிட்டு, கேம் விளையாட எந்த பிராசஸர் நல்லது என்று என்னையே கேட்டார். ராசிபுரத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர் பென்டியம்தான் என்று அடித்துச் சொல்லியிருந்தார். நான் பிரவுசிங் சென்டரில் தேடினேன். கம்பெனிக்காரன் தன் சரக்கைத் தானே புகழ்வதையெல்லாம் தள்ளிவிட்டு, ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மூன்று பேர் சோதித்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதே கேம், அதே கிராஃபிக்ஸ் கார்டு, பிராசஸரை மட்டும் மாற்றி, திரையில் நொடிக்கு எத்தனை படம் மாறுகிறது என்று பார்த்திருந்தார்கள். மூன்று பேரிடமும் பெரும்பாலான கேமில் அத்லான்தான் முந்தியது.

பென்டியம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எதிரிலேயே இன்னொரு கேம் கடை இருந்தது. நம் கடையில் கார் கேம் கொஞ்சம் திக்கினால் போதும், பையன்கள் அங்கே தாவிவிடுவார்கள், நான் கோயமுத்தூருக்கு பஸ் ஏறிவிடுவேன். வாய் வரவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். படித்த படிப்பு அப்படி, சனியன்.

"மூணு பேரு சொன்னது சரி கண்ணு. சாமிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப்போடலாம்."

அதற்குத்தான் இந்தப் பொட்டலம். கண்ணை மூடிக்கொண்டேன். நான் சொல்லாத பொய்யைச் சாமியாவது சொல்லட்டும், செவ்வரளி வரட்டும் என்று வேண்டினேன்.

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

"பாத்தீங்களா! என்ற புள்ள சொன்னதையேதான் சாமியும் சொல்லுது!" அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோயிலில் நின்ற எல்லோரிடமும் சொன்னார். நானும் சிரித்துவைத்தேன்.

தை போய் மாசியும் வந்துவிட்டது. கடை ஓடுகிறதா? பறக்கிறது. முள்ளுக்குறிச்சியிலிருந்துகூட பஸ் ஏறி வருகிறார்கள். எதிர்க்கடைக்காரர் கேமை மூடிவிட்டு செல்போன் கவர் விற்கிறார். கோயமுத்தூர்ப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை, நான் உட்பட.

சாயங்கால நாமக்கல் பஸ் ஹாரன் அடித்துவிட்டு நகர்ந்தது. ஜன்னலோரத்தில் ஒரு பெண் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். வளைவில் அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இங்க பாருங்கக்கா! ஒரு எடத்துலகூட திக்கல!"

கேம் ஆடிக்கொண்டிருந்த பையன் கூவினான். திரும்பினேன். திரையில் சிவப்புக் கார் அகலமான ரோட்டில் சீறிப் போனது, பாலம் தாண்டியது, ஊர்களைத் தாண்டியது, புறப்பட்ட கோட்டுக்கே வந்து சேர்ந்தது. நிற்காமல் அடுத்த சுற்றுக்குக் கிளம்பியது.